குருவி வீட்டுக்கு ஒரு மாற்றுச் சீட்டு

கட்டடக் கலைஞருக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்குவதுபோல ஒரு தலைவலி வேறு இல்லை. மற்றவர்களுக்கு ஒரு சட்டையோ சாக்லேட் பெட்டியோ கொடுத்துக் கையைக் கழுவிவிடலாம். இவர்களிடம் அது நடக்காது. பரிசைப் பிரிப்பார்கள், தூக்கிப் பிடிப்பார்கள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள், மூலையை விரலால் தடவுவார்கள். கடைசியில், "ம்ம், சுவாரஸ்யமா இருக்கு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு முகம் வாடிய மாமியார்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தால் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்துத் தேவாலயம் நிறைந்துவிடும்.

டிசம்பர் பிறந்ததும் அந்த மாமியார்கள் எல்லாம் போடிலைத் தேடித்தான் வருவார்கள். ஆற்றங்கரையில் இருந்த டிசைன் கடையில் அவள் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். தலைமுதல் கால்வரை கருப்பு உடுத்தி, வட்டக் கண்ணாடி போட்டு, நரைத்த முடியைக் காதோரம் நறுக்கிவிட்டு அவள் கல்லாவுக்குப் பின்னால் நின்றால், அவளே ஏதோ பெரிய கட்டடம் கட்டியவள் என்று நினைக்கத் தோன்றும்.

"மருமகன் ஆர்க்கிடெக்ட். என்ன வாங்கறதுன்னே தெரியல" என்று வருபவரிடம் போடில் கேட்கும் முதல் கேள்வி, "கழுத்துல சுத்துற மஃப்ளர் என்ன கலர்?"

கருப்பு என்றால் பித்தளைத் தூக்குக்குண்டு. சாம்பல் என்றால் மரத்தில் செய்த மடக்கு அளவுகோல், அதுவும் எண்கள் மட்டும் போட்டது, எழுத்து ஒன்றும் இருக்கக் கூடாது. கோடு போட்டது, பூப்போட்டது என்று யாராவது சொன்னால், "அப்ப அவர் ஆர்க்கிடெக்ட் இல்ல, இன்ஜினியர். நல்ல காலுறையா வாங்கிக் கொடுங்க, சந்தோஷப்படுவார்" என்பாள். ஆள் சிரித்துக்கொண்டே எதையாவது வாங்கிப் போவார். அவள் சொல்லி வாங்கிய பரிசு திரும்பி வந்ததில்லை என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் போடில் தலையைக் குனிந்து ரிப்பனைச் சரிசெய்வாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்திருக்கும்.

ஆனால் பிறக்கும்போதே அவள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு பிறக்கவில்லை. ராண்டர்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூலி உழவர் வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டு ஜன்னல் விளிம்பில் இரண்டு பீங்கான் நாய்கள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அவள் அம்மாவுக்கு அவைதான் அழகு. இந்தக் கடைக்குப் போடில் முதலில் வந்தது துடைப்பக்காரியாக. ஒருநாள் முதலாளியின் நண்பர்களான கட்டடக் கலைஞர்கள் காப்பி குடித்துக்கொண்டு கிராமத்து வீடுகளைப் பற்றிப் பேசினார்கள். "ஜன்னலுக்கு ஜன்னல் பீங்கான் நாய்! மனுஷன் குடியிருக்கானா, நாய் குடியிருக்கான்னே தெரியாது" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கையில் தூசி துடைக்கும் துணியோடு நின்ற போடிலும் சிரித்தாள். அம்மா காலமானதும் அந்த நாய்கள் அவள் பங்குக்கு வந்தன. செய்தித்தாளில் சுற்றி நிலவறையில் வைத்தவள் பிறகு அவற்றை வெளியே எடுக்கவே இல்லை.

அவள் கணவன் டோர்கில் நகரப் பேருந்து ஓட்டியவன். எதைக் கேட்டாலும் "நல்லாத்தானே இருக்கு" என்பான். ஐந்தாயிரம் குரோனர் விளக்கும் அவனுக்கு நல்லாத்தான் இருக்கும், பெட்ரோல் பங்கில் இலவசமாகக் கொடுத்த விளக்கும் நல்லாத்தான் இருக்கும். அவனிடம் ரசனை பேசுவது சுவரோடு பேசுவதற்குச் சமம் என்று போடில் எப்போதோ விட்டுவிட்டாள். ஒரே மகள் சோல்வை கட்டடக்கலை படித்ததும், அதே துறையில் எஸ்பென் என்ற பையனைக் கட்டிக்கொண்டதும் போடிலுக்கு வாழ்நாள் சாதனை. எஸ்பெனின் அம்மா எல்லினோர் சொந்தமாக அலுவலகம் வைத்துப் பள்ளிக்கூடங்கள் கட்டிப் பேர் வாங்கியவள். அந்தச் சம்பந்தியம்மா முன்னால் போடில் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுத்தான் விடுவாள்.

டோர்கில் ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம் அது. இலை உதிரத் தொடங்கியதுமே அவன் தோட்டத்துக் கொட்டகையில் போய் அடைந்துகொண்டான். ரம்பச் சத்தம் கேட்கும், சுத்தியல் சத்தம் கேட்கும், நடுநடுவே கெட்ட வார்த்தையும் கேட்கும். டிசம்பர் நடுவில் ஒருநாள் அவன் மார்போடு அணைத்து ஒரு பொருளைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் வைத்தான்.

"சோல்வைக்கு. இந்தத் தடவை அவ ஆசைப்பட்டு எழுதி அனுப்பின பரிசுப் பட்டியல்ல எதையும் வாங்கல. நானே செஞ்சுட்டேன். குருவி வீடு. அவ பால்கனியில மாட்டலாம்."

போடில் பார்த்தாள். மிச்சப் பலகைகளை வைத்து அடித்த பெட்டி. கருப்புப் பெயின்ட், அதில் தூரிகை முடிகள் அங்கங்கே ஒட்டிக் காய்ந்திருந்தன. மூலைகளில் பசை வழிந்து மஞ்சளாகக் கட்டிப்போயிருந்தது.

"கூரை ஏன் தட்டையா இருக்கு?"

"ஆர்க்கிடெக்டுக்கெல்லாம் தட்டைக் கூரைதான் பிடிக்கும். நம்ம சோல்வை கட்டின வீடு எல்லாத்தையும் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஒண்ணுலகூடச் சாய்ப்பு இல்ல."

"மழைத் தண்ணி எங்க போகும்?"

"அதையும் நான் யோசிச்சேன். அவ கட்டின வீட்லயே அது எங்க போகுதுன்னு தெரியல" என்று டோர்கில் சிரித்தான். பிறகு ஓட்டையைக் காட்டினான். அது நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளியிருந்தது. "இது தப்பா விழுந்ததுன்னு நினைக்காதே. வேணும்னே போட்டது. நடுவுல போட்டா பழைய மாதிரி ஆயிடும். நீதானே சொல்லுவே, எல்லாத்தையும் நடுவுல வைக்கறவன் கிராமத்தான்னு."

அவள் எப்போதோ சொன்னதை அவன் காதில் வாங்கி வைத்திருக்கிறான் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், அவனுடைய வார்த்தையையே கடன் வாங்கி.

"நீ கடைக்கு எடுத்துட்டுப் போய் அழகாச் சுத்திட்டு வா. நான் சுத்தினா மீன் பொட்டலம் மாதிரி இருக்கும்."

இருபத்துமூன்றாம் தேதி அவள் அதைக் கடைக்குக் கொண்டுபோனாள். பின்னறையில் மேஜைமேல் பழுப்புத் தாளை விரித்து நடுவில் குருவி வீட்டை வைத்தாள். கடை விளக்கு பொல்லாதது; எந்தக் குறையையும் மறைக்காது. வழிந்த பசை பளபளத்தது. இங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையே பரிசு பிரிப்பார்கள். நாளைக்கு இதை சோல்வை பிரிக்கும்போது சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வருஷம் எல்லினோரும் விருந்துக்கு வருகிறாள். எஸ்பென் உதட்டைக் கடித்துக்கொள்வான். எல்லினோர் கையில் வாங்கி, அடியைத் திருப்பிப் பார்த்து, மூலையைத் தடவி, "சுவாரஸ்யமா இருக்கு" என்பாள். போடிலுக்கு அந்தக் குரலே காதில் கேட்டது. கழுத்துவரை சூடு ஏறியது.

மானம் போகும் என்று பயந்த மனுஷி அடுத்த நிமிஷம் செய்ததைப் பாருங்கள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து வெள்ளை ஜாடி ஒன்றை எடுத்தாள். உயரமானது, உடம்பெல்லாம் மெல்லிய வரிகள் ஓடியது, அந்த வருஷம் கட்டடக் கலைஞர்கள் வீட்டில் எல்லாம் நின்றது. குருவி வீட்டின் அளவுக்கே ஒரு அட்டைப்பெட்டி தேடி ஜாடியை அதில் வைத்துத் தாள் சுற்றினாள். தாளின் மடிப்பு கத்தி போல விழுந்தது. ரிப்பன் கட்டினாள். கட்டிய கை அங்கேயே நிற்கவில்லை. பழக்கதோஷம், அடியில் மாற்றுச் சீட்டையும் ஒட்டிவிட்டது.

இங்கே கடையில் வாங்கும் பரிசு எதுவானாலும் அந்தச் சிறிய சீட்டு இருக்கும். விலை போட்டிருக்காது. வாங்கிக்கொண்டவருக்குப் பிடிக்காவிட்டால் பண்டிகை முடிந்ததும் கடைக்கு வந்து வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம். அதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது. கொடுத்தவரே, "பிடிக்கலைன்னா மாத்திக்கோ" என்று சொல்லித்தான் கொடுப்பார். போடில் தன் வாழ்நாளில் ஒட்டிய சீட்டுகளை நீளமாக வைத்தால் கடல் தாண்டி ஸ்வீடன் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துக் கூட வேலை செய்யும் ரிக்கெ என்ற இளம்பெண் உள்ளே வந்தாள். குருவி வீட்டைப் பார்த்து நின்றாள்.

"இது என்ன போடில்?"

"யாரோ வாடிக்கையாளர் விட்டுட்டுப் போயிருக்காங்க."

"அய்யோ பாவம். யார் செஞ்சது?"

"ஏதோ குழந்தை செஞ்சிருக்கும்" என்றாள் போடில். சொல்லிவிட்டு அதை அலமாரியின் மேல்தட்டில், காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் பொய்களை ஒத்திகை பார்த்தாள். கைதவறி விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லலாம். கடையில் யாரோ மிதித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். எதுவானாலும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்ததும் டோர்கில் ஓடிவந்து பொட்டலத்தைக் கையில் வாங்கினான்.

"அடேங்கப்பா, என்ன அழகு! ஆனா கனமா இருக்கே?"

"தாள் தடிமன்" என்றாள் போடில்.

அவன் நம்பினான். நம்பியவன் அதைத் தானே கொண்டுபோய் கிறிஸ்துமஸ் மரத்தடியில், எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணில் படும்படி வைத்தான்.

மறுநாள் மாலை விருந்துக்கு எல்லோரும் வந்தார்கள். எல்லினோர் மேல்கோட்டைக் கழற்றியபோது போடிலுக்கு மூச்சு நின்றது. உள்ளே சிவப்புக் கம்பளிச் சட்டை; நெஞ்சில் கிறிஸ்துமஸ் கதைகளில் வரும் பச்சைக் குட்டிச்சாத்தான்கள் கைகோத்து ஆடின. ஒன்றுக்கு ஒரு கால் நீளம், ஒன்றுக்கு மூக்கே இல்லை.

"என் தம்பி பின்னினது" என்றாள் எல்லினோர், சட்டையை இழுத்துக் காட்டி. "இந்த மூக்கில்லாதவன் நான்தானாம். வருஷா வருஷம் இதைப் போட்டுத்தான் ஆகணும், இல்லைன்னா அவன் போன் பண்ணித் திட்டுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். கருப்பு உடையில் போடில் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவள்போல நின்றாள்.

வாத்து வறுவலும் சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கும் ஆயிற்று. அரிசிப் பாயசத்தில் ஒற்றைப் பாதாமை ஒளித்துவைப்பது வழக்கம், கிடைத்தவருக்குத் தனிப் பரிசு; இந்தத் தடவை அது எஸ்பெனுக்குக் கிடைத்தது. அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு அவன் வாயே திறக்காமல் மற்றவர்களைப் பாயசம் முழுவதும் தின்னவைத்தான். கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாடினார்கள். பிறகு பரிசுகள், ஒவ்வொன்றாக, எல்லோரும் பார்த்திருக்க.

டோர்கில் பழுப்புப் பொட்டலத்தை எடுத்து மகளிடம் நீட்டினான். அவன் காது சிவந்திருந்தது. "இது என்னோடது" என்றான்.

சோல்வை வழக்கம்போல அடியைத் திருப்பிப் பார்த்தாள். "அட, மாத்துச் சீட்டு இருக்கே."

டோர்கில் ஒரு நொடி விழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "உங்கம்மாவுக்குக் கைப்பழக்கம்! விட்டா என் நெத்தியிலேயும் ஒட்டிடுவா. இதைப் போய் எந்தக் கடையில மாத்துவே? டென்மார்க்கிலேயே எவனும் எடுத்துக்கமாட்டான்!"

"அப்படி என்னப்பா இது?"

"பிரிச்சுப் பாரு, பிரிச்சுப் பாரு."

போடில் மெழுகுவர்த்திகளைப் பார்த்தாள். தாள் கிழியும் சத்தம் கேட்டது, பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு மட்டும் டோர்கில் முகத்திலேயே தங்கிவிட்டது, எடுத்துவைக்க இடம் தெரியாததுபோல. சோல்வை கையில் வெள்ளை ஜாடி.

"ஓ" என்றாள் சோல்வை. "ரொம்ப அழகா இருக்குப்பா. ஆனா இதை ஏன் யாரும் எடுத்துக்கமாட்டாங்கன்னு சொன்னே?"

டோர்கில் போடிலை ஒரு தடவை பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் வழி தவறியவன் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு மகளிடம் திரும்பி, "சும்மா சொன்னேன். அம்மா தேர்ந்தெடுத்தது. அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றான்.

போடில் இருந்த இடத்திலேயே கூனிக் குறுகினாள். இத்தோடு விட்டதா? சோல்வை தயங்கித் தயங்கி, "அம்மா, தப்பா நினைக்காதே. இதே ஜாடி எங்ககிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு எல்லினோர் கொடுத்தது. இன்னொண்ணு போன பிறந்தநாளுக்கு நீயே கொடுத்தது. மாத்திக்கட்டுமா?" என்றாள்.

"தாராளமா மாத்திக்கோ" என்றாள் போடில்.

"கொடு, நான் மாத்திக் கொண்டுவர்றேன்" என்றான் டோர்கில். "ரிட்டயர் ஆனவன், எனக்கு வேற என்ன வேலை?"

அதற்கடுத்த இரண்டு நாளும் அவன் சண்டை போடவில்லை. பாத்திரம் கழுவினான், பனி பெருக்கினான், மிஞ்சிய வாத்தைச் சூடுபண்ணிக் கொடுத்தான். குருவி வீடு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அழுது காலில் விழுந்திருப்பாள். "டோர்கில்..." என்று அவள் தொடங்கும்போதெல்லாம் அவன், "காப்பி போடட்டுமா?" என்பான். அவளும் போடு என்பாள். அந்த இரண்டு நாளில் அவள் குடித்த காப்பிக்கு அளவில்லை.

"நாளைக்கு நான் கடைக்குத்தானே போறேன், ஜாடியை நானே கொண்டுபோறேன்" என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம். வரிசையில நின்னு மாத்தறதுதானே முறை" என்றான்.

இருபத்தேழாம் தேதி கடையில் எள் விழ இடமில்லை. பரிசு மாற்ற வந்த கூட்டம் கோட்டும் குல்லாயுமாக நடைபாதைவரை நின்றது. ஆளுக்கொரு எண் சீட்டு. ஒரு கல்லாவில் போடில், பக்கத்துக் கல்லாவில் ரிக்கெ. கூட்டத்துக்கு நடுவே டோர்கில் தலை தெரிந்தது. ஊழியரின் கணவன் என்று முன்னால் வந்திருக்கலாம், வரவில்லை. அவன் முறை ரிக்கெ கல்லாவில்தான் வந்தது. அவன் பின்னால் நின்றவரிடம், "நீங்க போங்க, நான் அந்தக் கல்லாவுக்குக் காத்திருக்கேன்" என்று வழிவிட்டான்.

பிறகு போடில் முன்னால் வந்து ஜாடியை வைத்தான்.

"மாத்தணும்."

காலையிலிருந்து எல்லோரிடமும் கேட்ட கேள்வி அவள் நாக்கிலிருந்து தானாக விழுந்தது. "ஏதாவது குறை இருந்துச்சா?"

"ஜாடில ஒரு குறையும் இல்ல."

அவள் கல்லாமேல் குனிந்து, "டோர்கில், வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்று கிசுகிசுத்தாள்.

"நான் பேச வரல. மாத்த வந்திருக்கேன்." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பேருந்தில் நிறுத்தம் சொல்லும் குரல். "குருவி வீடு வேணும். கருப்பு. கூரை தட்டையா இருக்கும். ஓட்டை நடுவுல இருக்காது."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டோர்கில் யாரென்று ரிக்கெவுக்குத் தெரியாது. உதவி செய்யும் ஆர்வத்தில் எட்டிப் பார்த்து, "குருவி வீடா? நாங்க விக்கறதில்லீங்களே... இருங்க, போடில், பின்னாடி மேல்தட்டுல ஒண்ணு இருந்துச்சே! ஏதோ குழந்தை செஞ்சதுன்னு சொன்னீங்களே, அதுவா?" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் அவ்வளவு பேர் மூச்சுவிடும் சத்தம் போடிலுக்குத் தனித்தனியாகக் கேட்டது.

"குழந்தை இல்லம்மா" என்றான் டோர்கில். "நான்தான் செஞ்சேன். நான் இவங்க வீட்டுக்காரன்."

ரிக்கெ வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். போடில் பின்னறைக்குப் போனாள். பெட்டிகளை விலக்கி, குருவி வீட்டை இறக்கி, மேல்கூரையில் படிந்த தூசியைத் தன் கருப்புச் சட்டைக் கையால் துடைத்தாள். கதவுக்கு அப்பால் இருக்கும் கூட்டத்தை நினைத்தபோது பின்வாசல் வழியாக ஆற்றங்கரைக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடவில்லை. கொண்டுவந்து கல்லாமேல் வைத்தாள்.

டோர்கில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். குழந்தைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"சுத்தித் தரட்டுமா?" என்றாள் போடில். கண்ணாடிக்குள் எல்லாம் மங்கியிருந்தது.

"வேண்டாம். சீட்டு மட்டும் ஒட்டு."

"என்ன சீட்டு?"

"மாத்துச் சீட்டு. எல்லாருக்கும் ஒட்டறீங்கல்ல. அவளுக்குப் பிடிக்கலைன்னா மாத்திக்கட்டும். பிடிக்குதா பிடிக்கலையான்னு சொல்ல வேண்டியவ அவதானே போடில். நீ இல்லையே."

இதைவிட எளிமையான விஷயம் உண்டா? வாழ்நாள் முழுக்க எல்லா மாமியார்களுக்கும் அவள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். பரிசை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்கிக்கொள்கிறவருக்கு மட்டும்தான். போடில் சுருளிலிருந்து ஒரு சீட்டை உரித்தாள். அது விரலிலேயே ஒட்டிக்கொண்டது. இன்னொன்று உரித்து, கடை முழுக்கப் பார்த்திருக்க, குருவி வீட்டின் அடியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். கோணலாகத்தான் விழுந்தது.

டோர்கில் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனான். ஜாடி கல்லாவிலேயே நின்றது.

அடுத்து வந்த அம்மாள் ஒரு சிமென்ட் மெழுகுவர்த்தித் தாங்கியை நீட்டினாள். நடந்ததைப் பார்க்காததுபோல நடிக்கத் தெரிந்தவள். "பையன் ஆர்க்கிடெக்ட். இது வேண்டாம்னுட்டான். உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க, அவனுக்கு என்ன பிடிக்கும்?"

"எனக்குத் தெரியாதுங்க. அவரையே கேளுங்க" என்றாள் போடில்.

ஜனவரியில் பரிசு மாற்றும் கெடு முடியும்வரை கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சோல்வை அந்தக் கருப்புப் பெட்டியோடு வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒரு பயம். வந்துவிட்டால் தான் செய்தது சரி என்றாகிவிடுமே என்று, வெட்கமில்லாமல், ஒரு மூலையில் ஒரு ஆசை. அந்த ஆசை தனக்குள் இருப்பதை அவளே பார்த்துவிட்டாள். அந்த ஒரு மாதத்தில் அவள் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரியதே குறைவு. சோல்வை வரவில்லை.

பிப்ரவரியில் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். பால்கனியில் குருவி வீடு மாட்டியிருந்தது. தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தது. குருவி எதுவும் குடிவந்ததாகத் தெரியவில்லை. டோர்கில் கூரைப் பனியைத் தட்டிவிட்டுப் பையிலிருந்து விதைகளை எடுத்துத் தூவினான். போடில் குனிந்து பார்த்தாள். அடியில் சீட்டு அப்படியே கோணலாக ஒட்டியிருந்தது. யாரும் பார்க்காதபோது நகத்தால் சுரண்டினாள். கடைச் சீட்டு, நல்ல பசை, வரவில்லை.

"அம்மா, அதை ஏன் கிழிக்கறே? இருக்கட்டும் விடு" என்று சோல்வை பின்னால் வந்து நின்றாள். அவளிடம் டோர்கில் எதையும் சொல்லியிருக்கவில்லை. பண்டிகைக்குள் பெயின்ட் காயவில்லை, அதனால்தான் தாமதம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். "அப்பா தன் கையால செஞ்சதுக்கு மாத்துச் சீட்டு! எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருக்கேன். எங்கம்மா அடிச்ச ஜோக்கு இதுன்னு. எல்லினோர் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க."

டோர்கில் விதை தூவுவதை நிறுத்தினான். திரும்பி போடிலைப் பார்த்தான். அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தான். அவள் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். அது ஜோக் இல்ல சோல்வை, நான் உங்கப்பா செஞ்சதை நினைச்சு வெட்கப்பட்டேன். வார்த்தைகள் வாய்வரை வந்து நின்றன.

சோல்வை சிரித்துக்கொண்டே இருந்தாள். போடிலும் சிரித்தாள்.

டோர்கில் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையில் மிஞ்சிய விதைகளைக் கூரைமேல் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

"குளிருது. உள்ள போகலாம்" என்றான்.